அஞ்சு வருஷம் போதும்

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள்:

அத்தை. வீடு அவளுடையது. நாற்காலிகளும் அவளுடையவை. அதனால் ஆடாத நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர். அத்தையின் செத்துப்போன அண்ணனுக்கு மூத்த மகன். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வெறும் எழுத்தர்தான். ஆனால் குடும்பத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைக்கூட அவனே முடிவு செய்வதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

அண்ணி. மேனேஜரின் மனைவி. பேச வேண்டியதையெல்லாம் வரும் வழியிலேயே புருஷனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டதால் அங்கே வந்து அதிகம் பேச வேண்டிய அவசியம் இல்லாதவள்.

ஆந்தை. மேனேஜரின் தம்பி. இராத்திரி வேலை, பகல் தூக்கம். பெயர் வைத்தது அத்தை.

மேசைமேல் ஒரு புது மடிக்கணினி. அதையும் சேர்த்துக்கொள்ளலாம். யார் மனதையும் புண்படுத்தாமல் அன்று அங்கே இருந்தது அது ஒன்றுதான்.

ஆந்தையை முன்னறையிலிருந்து எழுப்பித்தான் கூட்டி வந்திருந்தார்கள். கண் எரிந்தது. வாய்க்குள் காய்ந்த அட்டை போல நாக்கு கிடந்தது. ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளின் பச்சை விளக்குகள் சிவப்பாக மாறாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மாறினால் ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு இதற்குமேல் யாரும் தரப்போவதில்லை என்று மேனேஜர் அடிக்கடி சொல்வான். ஆந்தை அதை மறுத்துப் பேசியதில்லை. மறுக்க அதில் ஒன்றும் இல்லை.

விஷயம் மடிக்கணினி அல்ல, முன்னறை. அத்தையின் வீட்டில் இரண்டே அறைகள். உள்ளறை அவளுக்கு. வாசலை ஒட்டிய முன்னறையில் ஆந்தை குடியிருந்தான். ஒரு கட்டில், வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய தடித்த அட்டை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டைகள். படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றபோது, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ என்று சொல்லி அத்தை கொடுத்த அறை. அந்த ஒரு வாரம் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

மேனேஜருக்கு அந்த அறைமேல் ஒரு கண். அண்ணியின் தங்கை இந்த ஊருக்கு வேலைக்கு வருகிறாள், முன்னறையில் தங்கினால் அத்தைக்கும் பெண்துணை ஆயிற்று என்பது அவன் வாய்விட்டுச் சொன்ன காரணம். சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. கடைசிவரை யார் ஆள் உள்ளே இருக்கிறாரோ அவர் பக்கம்தான் வீடு சாயும். தம்பி உள்ளே இருப்பது மேனேஜருக்குச் செருப்புக்குள் கல் கிடப்பது போல இருந்தது.

அத்தை பிடி கொடுக்கவில்லை. அவன் இருப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று பார்க்கலாம், முதலில் கணினியை ஒழுங்காகப் போட்டுக் கொடுக்கட்டும் என்றாள். ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தால் அறை தனக்கு என்று ஆந்தை எடுத்துக்கொண்டான். சொதப்பினால் அறை தனக்கு என்று மேனேஜர் எடுத்துக்கொண்டான். சொதப்பலை நேரில் பார்க்க மனைவியோடு வந்திருந்தான்.

அத்தை ஒரு சரக்கு நிறுவனத்தின் கிடங்கில் கணக்கு எழுதியே வேலையை முடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஒரு தரும மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் போய் வேலை கேட்டாள். அங்கே கணினிகளில் விண்டோஸ் கிடையாது, எல்லாம் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். உங்கள் கணினியில் போட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பழைய நிறுவனம் அவ்வப்போது கொடுக்கும் கணக்கு வேலையோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளில். ஆக, ஒரே கணினியில் இரண்டும் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் இதுவா அதுவா என்று அது கேட்க வேண்டும்.

"ஒரே வாசல், ரெண்டு குடித்தனம்னு சொல்லு" என்றாள் அத்தை.

"ஆமா. ஒண்ணு சமையல் பண்றப்ப இன்னொண்ணு தூங்கும்."

"அப்ப நம்ம வீடுதான்."

வம்பு லினக்ஸில் எந்தப் பதிப்பைப் போடுவது என்பதில் தொடங்கியது. ஆந்தை தன் பென்டிரைவை மேசையில் வைத்தான். மேனேஜரும் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அலுவலகத்துக் கணினி ஆளிடம் கேட்டு வாங்கி வந்ததாம். புத்தம் புதுசாம்.

"ஏன்டா, போன வருஷத்துப் பழசக் கொண்டுவந்து அத்தை தலையில கட்டப் பாக்குற?" என்றான்.

"பழசு இல்லண்ணே. நின்னு ஓடுறது."

"கடையில புதுசு தொங்குறப்ப எவனாவது பழச எடுப்பானா?"

"இது சட்டை இல்ல."

"நீ சட்டையப் பத்திப் பேசாத. போட்டிருக்கிறதத் துவைச்சு எத்தன நாளாச்சுன்னு வாசல்லயே தெரிஞ்சுது."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியாதபடி திரும்ப அவளுக்கு நன்றாக வரும்.

அத்தை மேசையைத் தட்டினாள். சண்டையை மாடிப்படியில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வித்தியாசம் என்ன என்று சொல்லுங்கள் என்றாள். மேனேஜர் வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்தது 'புத்தம் புதுசு' மட்டும் என்பதால் மூடிக்கொண்டான். ஆந்தை சொன்னான். இதைச் செய்கிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரு பதிப்பை வெளியிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை, அண்ணன் கொண்டுவந்தது உள்பட, ஒன்பது மாதக் குழந்தைகள். ஒன்பது மாதத்துக்குமேல் அவர்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அடுத்ததற்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வருடத்துக்கு ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து நீண்டகால ஆதரவு என்று முத்திரை குத்துவார்கள். அதற்கு ஐந்து வருடம்.

"ஆதரவுன்னா என்ன குடுப்பாங்க? சோறா?"

"ஓட்டை விழுந்தா அடைச்சுக் குடுப்பாங்க அத்தை."

"அஞ்சு வருஷம் முடிஞ்சா? செத்துருமா?"

"சாகாது. ஓடும். ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்."

"பரவால்ல. நான் அப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கேன்."

அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை என்றாள் அண்ணி. சொல்லிப் பழகிய குரல். கையெழுத்துப் போட்டு வைத்த காசோலை போல, தேதி போட்டால் எந்த நாளுக்கும் செல்லும்.

ஆந்தை இதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. போன வாரம் வேலையில் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அவன் இதைப் பற்றி யோசித்திருந்தான். அத்தைக்கு ஒன்பது மாதப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். ஒலி வராது, இல்லை பிரிண்டர் முறைத்துக்கொள்ளும். அத்தை முன்னறைக் கதவைத் தட்டுவாள். தட்டுவதற்கு ஆள் உள்ளே இருக்க வேண்டும். தேவைப்படுகிற ஆளை யாரும் வெளியே அனுப்புவதில்லை. நல்ல யோசனைதான். ஒரு முழு இரவு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விடியும்போது தூக்கிப் போட்டுவிட்டான்.

நல்லவன் என்பதால் அல்ல. வாழ்க்கையை வேண்டுமானால் அவன் அரைகுறையாக விடுவான். ஒரு இயந்திரத்தை விட மாட்டான். இப்போதுதான் பழகப்போகிற ஒருத்திக்கு ஒன்பது மாதத்தில் காலாவதியாகிறதைப் போட்டுக் கொடுப்பது கோணலான வேலை. கோணலான வேலையைப் பார்த்தால் அவனுக்குப் பல் கூசும்.

விண்டோஸைத் திறந்து, உள்ளே இருக்கும் சேமிப்பு வட்டு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்தான்.

"முதல்ல பாகம் பிரிக்கணும்" என்றான்.

கூடத்தில் ஒரு அசைவு ஓடியது.

"அதுக்குத்தான எல்லாரும் வந்திருக்கீங்க" என்றாள் அத்தை. "பிரி."

வட்டைத்தான் சொன்னேன் என்றான் ஆந்தை. தெரியும் என்றாள். ஆளுக்குப் பாதி வைக்கப் போனான். மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. எதற்குப் பாதி, தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு இடம் ஏன் என்று பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அண்ணி அன்றைய தினத்தின் முதல் உருப்படியான கருத்தைச் சொன்னாள்.

"முதல்லருந்து இருக்கிறது விண்டோஸ்தான. மூத்ததுக்குக் கொஞ்சம் கூடக் குடுத்தாத் தப்பில்லையே."

அத்தை அவளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். அவசரம் இல்லாமல் பார்த்தாள்.

"பாதிப் பாதி" என்றாள் ஆந்தையிடம்.

இடத்தைச் சுருக்கி முடித்து, தன் பென்டிரைவைச் செருகிக் கணினியைத் திருப்பித் தொடங்கினான். உடனே நிறுவிவிடாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம், ஒன்றும் கெடாது. திரை வந்தது. எழுத்து பளிச்சென்று இருந்தது. ஆனால் இணையம் இல்லை. வை-ஃபை என்ற சொல்லே எங்கும் இல்லை. கணினி புதுசு, உள்ளே இருக்கும் வை-ஃபை சில்லும் புதுசு. இந்தப் பதிப்பு வந்தபோது அந்தச் சில்லு பிறந்திருக்கவில்லை.

மேனேஜர் அதை மோப்பம் பிடித்துவிட்டான். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டு, பதில் வரும்முன்பே தன் பென்டிரைவைப் போடச் சொன்னான். போட்டார்கள். அதில் வை-ஃபை வந்தது. பக்கத்து வீட்டு இணைப்பு, எதிர்வீட்டு இணைப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தீங்களா அத்தை. இவன் போடுறது அஞ்சு வருஷம் நிக்கும். நெட் இல்லாம நிக்கும். நீங்க அதுக்குள்ள சீட்டு விளையாடலாம்."

ஆந்தைக்குக் காது சூடாயிற்று. வழி இருக்கிறது என்றான். தன் பென்டிரைவை மீண்டும் போட்டான். போனைக் கம்பியால் கணினியோடு இணைத்து அதன் வழியே இணையத்தை எடுத்து, அதே ஐந்து வருடப் பதிப்புக்கென்று பிறகு வெளியிட்ட புதிய உட்கருவை, அதாவது கெர்னலை, ஏற்றினால் சில்லு தெரிந்துவிடும். பழைய வீட்டுக்குப் புது மின்கம்பி இழுப்பது போல. ஆனால் அதற்கு முழுதாக நிறுவ வேண்டும். அத்தை நிறுவு என்றாள். நிறுவினான். குனிந்த தலை நிமிரவில்லை. பின்னால் மேனேஜர் உலாத்தினான். அலுவலகத்தில் அப்படிச் சொன்னார்கள், இப்படிச் சொன்னார்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று எடுத்துவிட்டான். போன் இணைப்பு இரண்டு தடவை அறுந்தது. அறுந்தபோதெல்லாம் மேனேஜர் நாக்கைச் சப்புக்கொட்டினான். அடிபட்டவன் மேல் ஈ உட்காருவது போல இருந்தது ஆந்தைக்கு.

கடைசியில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கமாக வந்தான்.

"பத்து வருஷம் வர்ற மாதிரியும் இருக்காமே. எங்க ஆளு சொன்னான். அதை ஏன் போடல?"

ஆந்தையின் கண் திரையில் இருந்தது. உட்கரு ஏறி முடிந்து கணினி மறுபடி எழுந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் இடத்தில்தான் முன்னறை இருக்கிறது என்பது போல அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எல்லாம் இதேதான். பத்து வேணும்னா தனியா ஒரு கணக்கத் தொறந்து பதிவு பண்ணணும். எதுக்கு அந்த வம்பு. அத்தைக்கு அஞ்சு வருஷம் போதும்."

வட்டம் நின்றது. வை-ஃபை வந்தது. பக்கத்து வீடு, எதிர்வீடு, கீழ்வீடு.

"வந்துருச்சு" என்று நிமிர்ந்தான்.

யாரும் திரையைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் குளிர்பெட்டி உறுமி அடங்கியது. தான் என்ன சொன்னோம் என்று அவன் பின்னால் போய்த் தேடினான். கிடைத்தது.

"என்னடா பேச்சு இது" என்றான் மேனேஜர், மெதுவாக. அந்த மெதுவில் இனிப்பு இருந்தது. "நான் பாக்குற வேலையே அதுதான். எந்த வயசுக்கு இன்னும் எத்தன வருஷம்னு அட்டவணையே என் மேசையில கெடக்கு. நான்கூட அத்தையப் பத்தி வாயத் தொறந்து ஒரு நம்பர் சொன்னதில்ல."

"வாயத் தொறக்காம?" என்றாள் அத்தை.

மேனேஜருக்குப் புரியவில்லை.

"வாயத் தொறந்து சொன்னதில்லன்ன. தொறக்காம சொல்லிக்கிட்டது உண்டா? என் வயசுக்கு அதுல என்ன போட்டிருக்கு?"

அது சராசரி, தனி ஆளுக்குப் பொருந்தாது, கூட்டமாக எடுத்தால்தான் சரியாக வரும் என்றெல்லாம் மேனேஜர் குழறினான். அத்தை கேட்டது அது இல்லை. பார்த்தாயா இல்லையா என்று கேட்டாள். அவன் பதிலை மென்றுகொண்டிருந்தபோது அண்ணி கைகொடுக்க வந்தாள்.

"எல்லாருக்கும் பாக்குறதுதான் அத்தை. எங்கம்மாவுக்குக்கூடப் பாத்தாரு."

மேனேஜர் மனைவியைப் பார்த்த பார்வையில் வீடு திரும்பும் நீண்ட கார்ப் பயணம் ஒன்று தெரிந்தது.

ஆந்தை நடுவே புகுந்தான். லேப்டாப்பைச் சொன்னேன் என்றான். ஐந்து வருடத்தில் இதன் பேட்டரி போய்விடும், மூடியின் கீல் ஆடும், எப்படியும் வேறு வாங்க வேண்டும், அதனால் இதற்கு ஐந்து போதும் என்றுதான் சொல்ல வந்தேன் என்றான்.

"லேப்டாப்புக்குன்னு சொல்லல. அத்தைக்குன்னு சொன்ன."

"அப்படித்தான பேசுவோம். அத்தைக்குக் காப்பி போதும்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"காப்பியும் என் வருஷமும் ஒரே டம்ளர்லயா இருக்கு?"

இங்கே அவன் நிறுத்தியிருக்க வேண்டும். தூக்கம் இல்லாதவனுக்கு நிறுத்தத் தெரியாது. தன்மேல் தப்பு இல்லை என்பது அவனுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதை நிரூபிக்கக் கையில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான் கெட்டவனா இருந்தா அண்ணன் கொண்டுவந்ததத்தான் போட்டிருப்பேன். ஒன்பது மாசத்துக்கு ஒருக்கா உங்களுக்கு நான் வேணும். வேற வழி இருக்காது. இந்த ரூமவிட்டு யாரும் என்ன அசைக்க முடியாது. அப்படிப் போடலல்ல? அஞ்சு வருஷத்துக்கு நான் தேவைப்படாததத்தான் போட்டேன்."

சொல்லி முடித்ததும் இலேசாக இருந்தது. எவ்வளவு நேர்மையாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தான்.

அத்தை நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்ப அதையும் கணக்குப் போட்டுப் பாத்திருக்க."

அவன் போன் கம்பியைக் கணினியிலிருந்து பிடுங்கினான்.

"எப்ப பாத்த?"

"போன வாரம்."

"எவ்வளவு நேரம்?"

"ராத்திரி பூரா."

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்தான் அத்தை, சும்மா தோணுச்சு என்று சொல்லியிருக்கலாம். மேனேஜராக இருந்தால் அதைச் சொல்லி அதற்குமேல் கொஞ்சம் கண்ணீரும் தெளித்திருப்பான். ஆந்தைக்கு அந்தப் பக்கம் கை எட்டாது.

மேனேஜர் கனைத்துக்கொண்டு எழுந்தான். இதைத்தான் அத்தை நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது என்று ஆரம்பித்தான். அத்தை விரலைத் தூக்கினாள்.

"நீ உக்காராத. எழுந்தது எழுந்ததாவே இருக்கட்டும். அப்படியே கெளம்பு."

"அத்தை, முன்னறை..."

"உன் கொழுந்தியாளுக்கு வேற எடம் பாரு. என் அட்டவணை தெரிஞ்ச வீட்டுலருந்து எனக்கு ஆள் வேண்டாம்."

அண்ணி தன் கைப்பையை எடுத்து, திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். மேனேஜர் பென்டிரைவை மறக்காமல் எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது, பெரியவர்கள் கோபத்தில் சொல்வதை நாங்கள் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்றான். வச்சுக்க, அட்டவணைக்குப் பக்கத்துல எடம் இருக்கும் என்றாள் அத்தை. படியிறங்கும்போது அண்ணியின் குரல் கேட்டது. கீழே போகப் போக அது உயர்ந்துகொண்டே போனது.

அத்தை ஆந்தையின் பக்கத்து நாற்காலிக்கு மாறினாள்.

"பத்து வருஷத்தோடதாப் பண்ணு."

அவளுக்கென்று ஒரு மின்னஞ்சலைத் திறந்தான். கணக்கைப் பதிவு செய்தான். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தபோது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். மறுபடி அடிக்கச் சொன்னது. திட்டிக்கொண்டே மறுபடி அடித்தாள். பச்சையாக ஒரு குறி வந்தது.

பிறகு கணினியை அணைத்துப் போட்டுக் காட்டினான். கருப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறி. அவளையே செய்யச் சொன்னான். லினக்ஸுக்குள் போனாள், வெளியே வந்தாள். விண்டோஸுக்குள் போனாள், தன் பழைய கணக்கு மென்பொருளைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மறுபடி லினக்ஸுக்குப் போய் ஒரு கோப்பைத் திறந்து, சேமித்து, மூடினாள். ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. கிடங்கில் இருபது பேர் சரக்கை எண்ணும்போது பக்கத்தில் நின்று பிழை பிடித்தவள். எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். அன்றைய நாளில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஆந்தைக்கு நன்றாக இருந்தது. வேலை சுத்தமாக வந்திருந்தது.

"புதுசா ஏதாவது மாத்தணும்னு அதுவே கேக்குமா?"

"கேக்கும். சரின்னு அழுத்துங்க. உங்க கடவுச்சொல்லப் போடுங்க. அதுவே பண்ணிக்கும்."

"வேற யாரும் வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏதாவது மக்கர் பண்ணுனா?"

"இது பெருசாப் பண்ணாது. பண்ணுனா அந்த ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களும் இதேதான் வச்சிருக்காங்க. அவங்களக் கேக்கலாம்."

"ஆகக்கூடி, பத்து வருஷத்துக்கு நீ வேண்டாம்."

அவன் திரையைப் பார்த்தான். அதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு சின்னப் பிழையாவது விட்டிருக்கலாம்.

"வேண்டாம்" என்றான்.

"நல்ல வேலைதான் பண்ணியிருக்க. சாமானை எடுத்துக்க."

ஏன் என்று அவன் கேட்கும்முன் அவளாகவே சொன்னாள். மூடியை மெல்லச் சாத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன்மேல கோவம் இல்லன்னு நெனச்சுக்காத. இருக்கு. உங்கண்ணன் மனசுலயே வச்சுக்கிட்டான், நீ வெளிய கொட்டிட்ட, அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது வருஷம் நான் அடுத்தவன் சரக்கக் கணக்கு எழுதுனேன். என்ன ஒரு சரக்கா வச்சு ஒருத்தன் சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கணக்குப் போடுறான்னு தெரிஞ்சுக்கிட்டு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வராது."

"தப்பானதத்தான் போடலையே அத்தை."

"அதான் சொல்றேன். சரியாப் போட்டிருக்க. அதனாலதான் அனுப்ப முடியுது."

முன்னறைக்குள் போனான். சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் திணித்தான். கட்டிலுக்கடியில் கிடந்த பூட்ஸை இழுத்தான். சார்ஜரைச் சுருட்டினான். ஜன்னல் அட்டையைப் பிய்க்கலாமா என்று பார்த்துவிட்டு விட்டான். வேறெந்த ஜன்னலுக்கும் அது அளவாக இருக்கப்போவதில்லை. எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது. அடங்காது என்று நினைத்திருந்தான்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. எப்படியும் வேலைக்குக் கிளம்பும் நேரம்தான்.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தான்.

"காலையில வேலை முடிஞ்சு எங்க போவ?"

"தெரியல."

"சாப்புட்டியா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். தகவல் தெரிந்துகொண்டவள் ஆட்டுவது போல ஆட்டினாள். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அவன் வாசலைத் தாண்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான். சொல்வதற்கு ஏதோ ஒன்று வாய்வரை வந்தது. இன்று வாய்வரை வந்த எதுவும் நல்லதாக இல்லை என்பதால் விழுங்கிக்கொண்டான்.

கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு தடவை திரும்பியது. கொஞ்சம் பொறுத்து, அதே பக்கமாக, இன்னொரு தடவையும் திரும்பியது.